மெனுவைப் பார்க்காதீங்க, டார்ட்டியாவைப் பாருங்க: திருப்பூரில் இருந்து அசல் மெக்சிகன் சாப்பாட்டைத் தேடுவது எப்படி?

பனியன் நகரமான திருப்பூரில் இன்று கஃபே, பீட்சா கடை, பர்கர் கடை என எங்கே போனாலும் மெனுவில் 'மெக்சிகன்' என்று ஒரு பகுதி இருப்பது சாதாரணம். மெக்சிகன் பீட்சா, மெக்சிகன் ரைஸ், மெக்சிகன் சாண்ட்விச், நாச்சோஸ், டாக்கோ எல்லாம் வரிசையாக இருக்கும். வெளிநாட்டு பையர் வந்தாலும் சரி, வார விடுமுறையில் பசங்க கேட்டாலும் சரி, 'வித்தியாசமா ஏதாவது சாப்பிடலாம்' என்றால் பலருக்கு அந்தப் பக்கம்தான் கை போகிறது.

ஆனால் தட்டில் வருவது நிஜமாகவே மெக்சிகோ நாட்டுச் சாப்பாடா, இல்லை குடைமிளகாயும் சீஸும் போட்டு பெயரை மட்டும் மாற்றியதா? இதை எப்படித் தெரிந்துகொள்வது? சைவம் சாப்பிடுபவர்களும் பன்றிக் கொழுப்பைத் தவிர்ப்பவர்களும் என்ன கேட்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• மெக்சிகன் சமையலின் உயிர் சாஸிலோ சீஸிலோ இல்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோளத்தில் இருக்கிறது.
• இந்தியாவில் 'மெக்சிகன்' என்று கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்க வழியாக வந்த 'டெக்ஸ்-மெக்ஸ்'. அது கெட்டது அல்ல, ஆனால் வேறு.
• 'டார்ட்டியா இங்கேயே சுடறீங்களா?' என்ற ஒரே கேள்வியில் பாதி உண்மை தெரிந்துவிடும்.
• தேவையான பொருட்களில் பெரும்பாலானவை திருப்பூர் மாவட்டத்திலும் பக்கத்து மலையிலுமே விளைகின்றன.

டெக்ஸ்-மெக்ஸ் என்றால் என்ன?

மெக்சிகோவின் வடக்கு எல்லையை ஒட்டி இருக்கிறது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். 1836 வரை அது மெக்சிகோவின் பகுதியாக இருந்தது. அங்கே இருந்த மெக்சிகோ வம்சாவளி மக்களின் சமையலில் அமெரிக்கச் சந்தையில் மலிவாகக் கிடைத்த மஞ்சள் சீஸ், கோதுமை மாவு, மாட்டிறைச்சி, சீரகம் எல்லாம் கூடுதலாகச் சேர்ந்தன. அப்படி உருவானதுதான் டெக்ஸ்-மெக்ஸ். மொறுமொறுவென்று வளைந்த ஓட்டுக்குள் இறைச்சி, நறுக்கிய லெட்யூஸ், துருவிய மஞ்சள் சீஸ் நிரப்பிய டாக்கோ இந்த வழியில் வந்ததுதான்.

அந்த மொறு டாக்கோவை உலகம் முழுக்க கொண்டுபோனது 'டாக்கோ பெல்'. 1962-ல் கலிபோர்னியாவின் டவுனி நகரில் கிளென் பெல் என்ற அமெரிக்கர் தொடங்கிய நிறுவனம் அது. இந்தியாவில் அதன் முதல் கடை 2010-ல் பெங்களூரில் திறக்கப்பட்டது.

நாச்சோஸ் கதையும் எல்லையில்தான் நடந்தது. 1940-களில் மெக்சிகோவின் எல்லை நகரமான பியெத்ராஸ் நெக்ராஸில், அமெரிக்காவில் இருந்து வந்த பெண்கள் சிலர் நொறுக்குத் தீனி கேட்டார்கள். ஓட்டல் ஊழியர் இக்னாசியோ அனாயா, கையில் இருந்த டார்ட்டியா துண்டுகளைப் பொரித்து, மேலே சீஸும் மிளகாயும் வைத்துக் கொடுத்தார். இக்னாசியோ என்ற பெயரைச் செல்லமாக 'நாச்சோ' என்பார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆக டெக்ஸ்-மெக்ஸுக்கும் சொந்த வரலாறு உண்டு. கோபி மஞ்சூரியன் எப்படி சீனச் சாப்பாடு இல்லையோ, ஆனாலும் நம் ஊரில் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறதோ, அதே கதைதான். பிரச்சினை ருசியில் இல்லை. டெக்ஸ்-மெக்ஸை வைத்துவிட்டு 'அசல் மெக்சிகன்' என்று விலை வைக்கும்போதுதான் பிரச்சினை.

அப்படியானால் அசல் எது?

ஒரே வார்த்தையில் சொன்னால், 'நிக்ஸ்டமால்'.

மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லில் 'நெக்ஸ்த்லி' என்றால் சாம்பல், 'தமாலி' என்றால் மக்காச்சோள மாவு. காய்ந்த மக்காச்சோளத்தைச் சாம்பல் நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கழுவி அரைப்பார்கள். 3,000 ஆண்டுகளுக்கும் மேலான முறை இது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இதுவும் ஒரே பொருள்தான்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது?

• மக்காச்சோளத்தின் கெட்டியான தோல் கழன்றுவிடும்.
• மாவுக்கு ஒட்டும் தன்மை வரும். வெறும் மக்காச்சோள மாவைத் தட்டினால் உடைந்துவிடும். இந்த மாவு சப்பாத்தி மாதிரி வட்டமாக நிற்கும்.
• மழை பெய்த மண் மாதிரி ஒரு தனி வாசனை வரும். மெக்சிகன் உணவகத்துக்குள் நுழைந்ததும் வர வேண்டிய வாசனை இதுதான்.
• தானியத்தில் பூட்டிக்கிடக்கும் 'நியாசின்' என்ற பி3 வைட்டமின் உடலுக்குக் கிடைக்கும். கால்சியமும் கூடும்.

இப்படி அரைத்த மாவுக்குப் பெயர் 'மாசா'. அதைத் தட்டி, எண்ணெய் இல்லாமல் கல்லில் சுட்டால் டார்ட்டியா. நடுவில் எதையாவது வைத்து மடித்தால் டாக்கோ. மக்காச்சோள மடலில் வைத்துக் கட்டி ஆவியில் வேகவைத்தால் 'தமால்'. நம்ம ஊர் இலை கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். பழைய வீடுகளில் இந்த மாவை அரைத்த 'மெத்தாத்தே' என்ற கல்லும் குழவியும், பார்ப்பதற்கு அப்படியே நம் அம்மிதான்.

2010-ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை மனித குலத்தின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்போது எடுத்துச் சொல்லப்பட்ட அம்சங்களில் இந்த நிக்ஸ்டமால் முறையும் ஒன்று. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி வகைகளை ஒரே காட்டில் ஊடுபயிராகப் போடும் 'மில்பா' விவசாயம் இன்னொன்று.

சுண்ணாம்பை விட்டதால் என்ன ஆனது?

ஐரோப்பியர்கள் 1500-களில் மெக்சிகோவில் இருந்து மக்காச்சோளத்தை எடுத்துப் போனார்கள். சுண்ணாம்பு முறையை மட்டும் எடுத்துப் போகவில்லை. அதற்கான விலை பயங்கரமாக இருந்தது. மக்காச்சோளத்தையே முக்கிய உணவாகச் சாப்பிட்ட ஏழை மக்களிடம் 'பெலாக்ரா' என்ற நோய் பரவியது. தோல் கருத்து உரியும், வயிற்றுப்போக்கு வரும், புத்தி தடுமாறும், கடைசியில் உயிரே போகும்.

இதில் திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலாக்ரா கடுமையாகத் தாக்கியது. அங்கே சுமார் 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டு, 1 லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதிகம் அடிபட்டவர்களில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களும் அடக்கம். ஆலை ஒட்டிய குடியிருப்புகளில் மக்காச்சோள மாவு, உப்புக்கண்டப் பன்றிக் கொழுப்பு, சர்க்கரைப்பாகு இவைதான் தினசரிச் சாப்பாடு.

அது தொற்றுநோய் என்றே பல மருத்துவர்கள் நம்பினார்கள். 1914-ல் விசாரணைப் பொறுப்பை ஏற்ற அரசு மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஒத்துக்கொள்ளவில்லை. 1916-ல் தென் கரோலினாவின் 7 பஞ்சாலைக் குடியிருப்புகளில் வீடு வீடாக ஆய்வு நடந்தது. யாருக்கு வருமானம் குறைவோ, யார் வீட்டில் பால், இறைச்சி, காய்கறி குறைவோ, அங்கேதான் நோய் அதிகம் என்று தெரிந்தது. காரணம் கிருமி அல்ல, சாப்பாடு.

அதே மக்காச்சோளத்தை மூன்று வேளையும் சாப்பிட்ட மெக்சிகோ கிராமங்களில் பெலாக்ரா அந்த அளவுக்கு வரவில்லை. சுண்ணாம்பும், கூடவே சாப்பிட்ட பீன்ஸும் காப்பாற்றின. அதனால்தான் மெக்சிகன் சமையலில் 'அசல்' என்ற சொல்லுக்கு வெறும் பெருமை மட்டும் அர்த்தம் இல்லை. ஒரு செய்முறைக்குள் ஒரு சமூகத்தின் உடல்நலமே ஒளிந்திருக்கிறது. இன்று நாம் எப்போதாவது ஒருமுறை டாக்கோ சாப்பிடுவதால் இந்தப் பயம் தேவையில்லை. ஆனால் அந்தச் செய்முறையை ஏன் பெரிதாகப் பேசுகிறார்கள் என்பதற்கு இதுதான் பதில்.

கடையில் என்ன கேட்கலாம்? 5 கேள்விகள்

சாப்பாட்டு நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஆர்டர் கொடுக்கும் முன் இவற்றைச் சாதாரணமாகக் கேட்டாலே போதும்.

1. 'தம்பி, டார்ட்டியா இங்கயே சுடறீங்களா, பாக்கெட்டா?'

இதுதான் முதல் கேள்வி. இங்கேயே சுடுகிறோம் என்றால் அடுத்து 'மக்காச்சோளமா, கோதுமையா, மைதாவா?' என்று கேளுங்கள். மக்காச்சோளம் என்றால் 'மாசா மாவா?' என்று ஒரு கேள்வி. இதற்குத் தெளிவாகப் பதில் வந்தால் நம்பி உட்காரலாம்.

ஒரு எச்சரிக்கை. கோதுமை டார்ட்டியா என்றாலே போலி என்று முடிவு கட்டக் கூடாது. மெக்சிகோவின் வட மாநிலங்களில், குறிப்பாக சோனோராவில், கோதுமை டார்ட்டியாதான் பாரம்பரியம். புரிட்டோவும் அந்த வடக்குப் பக்கத்து உணவுதான். ஆனால் கடையில் ஒரு மக்காச்சோள டார்ட்டியாகூட இல்லை என்றால், அங்கே மெக்சிகோவின் பெரும்பகுதி இல்லை என்று அர்த்தம்.

2. 'சல்சா எத்தனை வகை இருக்கு? இன்னைக்கு அரைச்சதா?'

சல்சா என்றால் ஸ்பானிஷ் மொழியில் சாஸ், அவ்வளவுதான். ஆனால் மெக்சிகோவில் அதன் இடம் நம் ஊரில் சட்னிக்கு உள்ள இடம். பச்சையாக நறுக்கியது, சுட்டு அரைத்தது, காய்ந்த மிளகாயில் செய்தது என்று குறைந்தது இரண்டு மூன்று வகை இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் சிவப்பு சாஸ் வந்தால், இட்லிக்குத் தக்காளி கெச்சப் வைத்த மாதிரி.

3. 'பீன்ஸ்ல, ரைஸ்ல என்ன எண்ணெய்? பன்றிக் கொழுப்பு, சிக்கன் ஸ்டாக் எதுவும் சேர்க்கறீங்களா?'

மெக்சிகோவில் மசித்து வறுத்த பீன்ஸிலும் தமாலிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். சிவப்பு சாதத்தைச் சிக்கன் ஸ்டாக்கில் வேகவைப்பதும் உண்டு. பார்க்க சைவம் மாதிரியே இருக்கும். சைவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் வெட்கப்படாமல் கேட்டுவிடுவது நல்லது. எவ்வளவு 'அசல்' என்று பெருமைப்படும் கடையோ, அவ்வளவு அவசியம் இந்தக் கேள்வி. 'ஃபிளான்' என்ற இனிப்பில் முட்டை உண்டு. 'மோலே' குழம்பில் வேர்க்கடலை, எள், பாதாம் இருக்கலாம் என்பதால் அலர்ஜி உள்ளவர்களும் கேட்க வேண்டும்.

4. 'மோலே இருக்கா?'

காய்ந்த மிளகாய் வகைகள், எள், கொட்டைப் பருப்புகள், மசாலா, சில வகைகளில் கொஞ்சம் கோகோ சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவைக்கும் குழம்பு இது. 'மோலே' என்ற சொல்லுக்கே அரைத்த சாஸ் என்றுதான் பொருள். 'குவாக்கமோலே' என்பது அவகாடோ மோலே. மோலே செய்ய நேரமும் கைப்பக்குவமும் வேண்டும் என்பதால், அது மெனுவில் இருந்தாலே சமையல்காரர் சிரத்தை எடுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

5. 'மிளகாய் என்னென்ன போடறீங்க?'

'ஜாலபீனோ' என்று நாம் சொல்வதை மெக்சிகோவில் 'ஹலபேன்யோ' என்பார்கள். வெராக்ரூஸ் மாநிலத்தின் ஹலாப்பா நகரில் இருந்து வந்த பெயர். பாட்டிலில் வரும் வட்டத் துண்டுகள் அதன் ஊறுகாய். அதையே பழுக்கவைத்துப் புகையில் காயவைத்தால் 'சிபோட்லே'. 'போப்லானோ' என்ற பெரிய மிளகாயைக் காயவைத்தால் 'ஆன்சோ'. இந்தப் பெயர்களில் ஒன்றாவது சமையலறையில் இருந்து வந்தால் நல்ல அறிகுறி.

போட்டோவைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியுமா?

டெலிவரி ஆப்பிலும் ரிவ்யூவிலும் வாடிக்கையாளர்கள் போடும் போட்டோக்களே பாதி வேலையை முடித்துவிடும். கடை போட்ட போட்டோவை விடச் சாப்பிட்டவர்கள் எடுத்ததைப் பாருங்கள்.

• டாக்கோ உள்ளங்கை அளவுக்குத்தான் இருக்க வேண்டும். மெக்சிகோ தெருக்கடைகளில் இரண்டு மூன்று கடியில் முடிந்துவிடும்.
• டார்ட்டியாவில் ஆங்காங்கே சுட்ட புள்ளிகள் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே வட்டத்தில் இருந்தால் பாக்கெட் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.
• மேலே நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லித் தழை, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு இருந்தால் மெக்சிகோ பாணி. லெட்யூஸ், மஞ்சள் சீஸ், மயோனைஸ் என்றால் டெக்ஸ்-மெக்ஸ் அல்லது நம்ம ஊர் கலவை.
• சீஸ் குறைவாக, வெள்ளையாக இருக்கும். 'கேசோ ஃப்ரெஸ்கோ' என்ற அவர்களின் சீஸ் உதிர்த்த பனீர் மாதிரிதான்.

செங்குத்துக் கம்பியில் இறைச்சியைச் சுற்றிவிட்டுச் சீவும் டாக்கோவைப் பார்த்து 'இது ஷவர்மா ஆச்சே' என்று சந்தேகப்பட வேண்டாம். லெபனான் பகுதியில் இருந்து மெக்சிகோவின் புவெப்லாவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த முறை அது. ரொட்டிக்குப் பதில் டார்ட்டியா வந்து, 'டாக்கோஸ் அல் பஸ்தோர்' ஆனது. மெக்சிகோ தலைநகரில் இன்று அதுதான் தெருவுக்குத் தெரு.

'மாடர்ன் மெக்சிகன்' என்றால் விலை அதிகமா?

மாடர்ன் என்றதும் பெரிய தட்டில் சின்னதாக ஏதோ வைப்பது என்ற எண்ணம் இருக்கிறது. மெக்சிகோவில் நடந்தது வேறு. வெளிநாட்டுச் சமையலைப் பார்த்துச் செய்வதை விட்டுவிட்டு, சொந்த மண்ணின் மக்காச்சோள ரகங்களையும் மிளகாய்களையும் தேடிப்போனதுதான் அங்கே நவீனம்.

2000-ல் மெக்சிகோ சிட்டியில் என்ரிக்கே ஓல்வேரா தொடங்கிய 'புஹோல்' உணவகம் இதற்குப் பெயர் போனது. அங்கே ஒரு தட்டில் நடுவில் புதிதாகச் செய்த மோலே, அதைச் சுற்றி ஆயிரம் நாட்களுக்கும் மேலாகத் தினமும் சூடாக்கிப் புதுப்பித்து வரும் பழைய மோலே. கூடவே டார்ட்டியா மட்டும். வேறெதுவும் கிடையாது. மறுநாள் மீன்குழம்பின் ருசி தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

2024-ல் மிஷெலின் வழிகாட்டி முதல்முறையாக மெக்சிகோவுக்கு வந்தபோது புஹோலுக்கு இரண்டு நட்சத்திரம் கிடைத்தது. அதே பட்டியலில் 'எல் கலிஃபா தே லியோன்' என்ற சின்ன டாக்கோ கடைக்கும் ஒரு நட்சத்திரம். 1968-ல் இருந்து நடக்கும் அந்தக் கடையில் மெனுவே நான்கு டாக்கோதான். இறைச்சி, உப்பு, எலுமிச்சை, சுடச்சுட டார்ட்டியா. ஆக, ஏசி, விளக்கு அலங்காரம், விலை எதுவும் அசலுக்கு அடையாளம் இல்லை. நம்ம ஊரிலும் அப்படியே. நல்ல பிரியாணி பெரிய ஓட்டலில்தான் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்களா?

திருப்பூரில் இருந்து எங்கே போகலாம்?

எங்கே என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

திருப்பூர்: இங்கே மெக்சிகன் என்பது பெரும்பாலும் கஃபே, பீட்சா கடை மெனுவின் ஒரு பகுதி. டோமினோஸின் 'மெக்சிகன் கிரீன் வேவ்' என்பது ஹலபேன்யோ போட்ட பீட்சா, அவ்வளவுதான். நண்பர்களோடு உட்கார்ந்து நாச்சோஸ் கொறிக்க இது போதும். வெளிநாட்டு விருந்தினரை 'மெக்சிகன் சாப்பாட்டுக்கு' என்று கூட்டிப்போவதற்கு முன், மேலே சொன்ன 5 கேள்விகளைப் போனிலேயே கேட்டுவிடுங்க.

கோவை: சுமார் 50 கிலோமீட்டர். தேர்வு அதிகம். ஆனால் கேள்விகள் அதேதான். அங்கிருந்து டாக்கோவைப் பார்சல் கட்டிக்கொண்டு வர நினைக்க வேண்டாம். டார்ட்டியா ஆறினால் விறைத்துவிடும், சல்சா ஊறினால் நைந்துவிடும். பார்சல்தான் வழி என்றால் சாதம், பீன்ஸ், சல்சா தனித்தனியாக வரும் 'பவுல்' வகை பாதுகாப்பு.

சென்னை, பெங்களூரு: பெங்களூரில் 2012-ல் பெர்ட் முல்லர் என்ற அமெரிக்கர் தொடங்கிய 'கலிபோர்னியா புரிட்டோ', பெயருக்கு ஏற்றபடி கலிபோர்னியா பாணி. சாதம், பீன்ஸ், சல்சா என்று வரிசையில் நின்று கேட்டு வாங்கலாம். பெயரிலேயே கலிபோர்னியா என்று சொல்லிவிடுவது ஒரு நேர்மை.

சென்னையில் டெக்ஸ்-மெக்ஸை ஆரம்ப காலத்தில் அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர் நம்ம பக்கத்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. 'ஹாட் பிரெட்ஸ்' நிறுவனர் எம்.மகாதேவன் உடுமலைப்பேட்டையைச் சேர்ந்தவர். கதீட்ரல் சாலையில் ஹாட் பிரெட்ஸ் மாடியில் அவரது குழுமம் நடத்திய 'டான் பெப்பே'தான் சென்னைவாசிகள் பலர் முதன்முதலில் டாக்கோ, ஃபஹீட்டா சாப்பிட்ட இடம். அன்று கோவை மாவட்டத்தில் இருந்த உடுமலை, 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது இங்கே வந்து சேர்ந்தது.

பொருளெல்லாம் இங்கேயே இருக்கிறதே?

ஆமாம். இதுதான் இந்தக் கதையில் ஆச்சரியமான பகுதி.

உடுமலை, குடிமங்கலம், மடத்துக்குளம் பக்கம் மக்காச்சோளம் பரவலாக விளைகிறது. அதில் பெரும்பங்கு எங்கே போகிறது? பல்லடம் சுற்றுவட்டாரக் கறிக்கோழிப் பண்ணைகளின் தீவனத்துக்கு. மெக்சிகோவில் கடவுளாகக் கும்பிட்ட தானியம் இங்கே கோழிக்குப் போய், கோழியாக நம் தட்டுக்கு வருகிறது.

அவகாடோ என்ற வெண்ணெய்ப்பழம் கொடைக்கானல் கீழ்மலைப் பகுதியில் காய்க்கிறது. தக்காளி உடுமலைச் சந்தையில் மூட்டை மூட்டையாக வருகிறது. கொத்தமல்லி, வெங்காயம், எலுமிச்சைக்குப் பஞ்சமே இல்லை. காரத்தைப் பொறுத்தவரை நாம் அவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் ஹலபேன்யோ 2,500 முதல் 8,000 வரை. குண்டூர் சன்னம் 30,000-ஐத் தாண்டும். சதைப்பற்றும் நிறமும் வேண்டும் என்றால், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் இருக்கிறது.

மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி இவை எல்லாமே அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்ச்சுகீசியர் போன்ற கடல் வணிகர்கள் வழியாக 16-ம் நூற்றாண்டு முதல் நம் பக்கம் வந்தவைதான். பதிலுக்கு ஆசியாவில் இருந்து மாம்பழமும், நம்ம புளியும் அங்கே போயின. மெக்சிகோ தெருவில் 'ஆகுவா தே தமரிந்தோ' என்று கேட்டால் புளித்தண்ணீர் கிடைக்கும்.

பனியன் பஞ்சும் மெக்சிகோவா?

திருப்பூர் பின்னலாடைக்கு வரும் நூல் பெரும்பாலும் 'ஹிர்சூட்டம்' என்ற பருத்தி இனத்தில் இருந்து வருகிறது. உலகப் பருத்தி உற்பத்தியில் சுமார் 90 சதவீதம் இந்த இனம்தான். இதன் தாயகம் மெக்சிகோ பகுதி. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கம்போடியா பருத்தி' என்ற பெயரில் நம் பக்கம் பரவியதும் இதே இனம். கொங்கு விவசாயிகளுக்குப் பழக்கமான 'எம்சியூ' ரகங்களின் விரிவாக்கமே 'மெட்ராஸ் கம்போடியா உகாண்டா'. ஆக, மெக்சிகோ திருப்பூருக்குப் புதுசு இல்லை.

அப்போ குறைவது என்ன?

ஒரு இரவு ஊறவைக்கும் பொறுமைதான். கஃபே நடத்துபவர்களும் வீட்டில் முயற்சி செய்ய நினைப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை இது:

• மூன்று மாவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மளிகைக் கடையில் 'கார்ன்ஃபிளார்' என்று கிடைக்கும் வெள்ளைப் பொடி வெறும் ஸ்டார்ச். வட இந்தியக் கடைகளில் கிடைக்கும் 'மக்கி ஆட்டா' சுண்ணாம்பு படாத அரைத்த மாவு. 'மாசா ஹரினா' என்று பாக்கெட்டில் வருவதுதான் டார்ட்டியா மாவு.
• தானியத்தில் இருந்து செய்வதானால், 1 கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு சுமார் 3 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உணவுக்கான சுண்ணாம்பு. தோல் கழலும் வரை, சுமார் முக்கால் மணி நேரம் வேகவைத்து, 8 முதல் 12 மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக அரைக்க வேண்டும்.
• ஸ்டீல் பாத்திரம் பயன்படுத்துங்கள். அலுமினியம் சுண்ணாம்போடு வினைபுரியும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.
• கோழித் தீவனத்துக்கு வைத்திருக்கும் மக்காச்சோளம் வேண்டாம். ஈரத்தில் பூஞ்சை பிடித்த தானியத்தில் 'அஃப்ளடாக்சின்' என்ற நச்சு இருக்கலாம். சாப்பாட்டுக்கென்று சுத்தம் செய்த தானியம் மட்டுமே.

இட்லிக்கு முந்தின நாளே அரிசி ஊறப்போட்டு, விடியும் முன் மாவைத் தயாராக வைத்திருக்கும் ஊர் இது. அதே ஒழுங்கை மக்காச்சோளத்துக்கும் கொடுக்கும் கடை எங்கே இருக்கிறதோ, அங்கே ஒரு ஆள் வேலை அதிகம், விலையும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் காசு நியாயமானது. பாக்கெட் சிப்ஸுக்கும் பாட்டில் சாஸுக்கும் அதே விலை கேட்டால், அது நியாயம் இல்லை.

அடுத்த முறை கடைக்குள் நுழைந்ததும் மெனு கார்டைத் திறப்பதற்கு முன் அடுப்புப் பக்கம் ஒரு பார்வை பாருங்க. கல்லில் டார்ட்டியா சுட்டுக்கொண்டிருந்தால் தாராளமாக ஆர்டர் கொடுக்கலாம். இல்லையா, நாச்சோஸோடு நிறுத்திக்கலாம்.